குண்டூசியின் சிவப்பு நூல்

நாத்தனார் செத்து எட்டு மாதம் ஆகிவிட்டது. தையல்காரிக்கு அவள் மேல் இருந்த பயம் மட்டும் இன்னும் சாகவில்லை.

உயிரோடு இருந்தபோது அந்த அம்மாள் நாலரை அடிக்கு மேல் ஒரு விரற்கடைகூட இல்லை. உயரத்தில் விட்டதை நாக்கில் பிடித்துக்கொண்டவள். குடும்பத்தில் எல்லோரும் முதுகுக்குப் பின்னால் குண்டூசி என்றுதான் சொன்னார்கள். தையல்காரி நேரில் 'அண்ணி' என்பாள், மனசுக்குள் குண்டூசி என்பாள். புருஷனுடைய அக்காவை வேறு எப்படித்தான் சமாளிப்பது?

கல்யாணமும் வேண்டாம் காட்சியும் வேண்டாம் என்று தம்பி வீட்டிலேயே தங்கிவிட்ட குண்டூசி, தெருமுனை மருந்துக்கடையில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். அவளிடம் இருந்த பெரிய கோளாறு, அவள் சொன்னது எதுவும் தப்பாகாது என்பதுதான். "இந்தப் பால் திரியும்" என்பாள், திரியும். "அந்தப் பொண்ணு தைக்கக் குடுத்த துணியை வாங்க வரமாட்டா" என்பாள், வரமாட்டாள். தைத்து முடித்த சட்டையை, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டு "இடது தோள் ஏறியிருக்கு" என்பாள். தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு அளந்து பார்ப்பாள். ஏறித்தான் இருக்கும். இந்த மனுஷி ஒரே ஒரு தடவை தப்பாகப் போய்த் தொலையக் கூடாதா என்று தையல்காரி வேண்டிக்கொள்ளாத வாரம் கிடையாது.

தக்காளியிலும் அதே கதைதான். குண்டூசி மூன்றாவது மாடிப் பால்கனியில் புதுத் தக்காளி ரகம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்காதீர்கள், இதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராதவர்கள், தபாலில் விதை அனுப்பிக்கொள்வார்கள். ஆளுயரச் செடி ஒன்றில் கருஞ்சிவப்பாக அருமையான பழம் வரும், ஆனால் அது பால்கனிக்கு ஆகாது. முழங்கால் உயரக் குட்டைச் செடி ஒன்று இருக்கும், அதன் பழம் வாயில் வைக்க விளங்காது. ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்த்தால் முதல் தலைமுறை மொத்தமும் நெட்டையாகவே நிற்கும். அதன் விதையைப் போட்டால் நாலில் ஒன்று குட்டை. தண்டு தடிப்பாக, இலை கரும்பச்சையாகச் சுருங்கி இருக்கும், முளையிலேயே கண்டுபிடித்துவிடலாம். குட்டையை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிப் போட வேண்டும். பிறகுதான் தலைவலி. அந்தக் குட்டைகளில் எதற்கு நல்ல பழம் வரும் என்பது பழுக்கும்வரை யாருக்கும் தெரியாது. ஏழெட்டுத் தலைமுறை பொறுக்கிப் பொறுக்கி எடுத்தால்தான் ரகம் நிலைக்கும்.

யாருக்கும் தெரியாதது குண்டூசிக்குத் தெரிந்தது. நாலு இலை விட்ட நாற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இது தேறும், இது வெறும் தண்ணி" என்று பிரித்துவிடுவாள். இரண்டு மாதம் கழித்துப் பழம் வந்து அவள் சொன்னதை ஒப்புக்கொள்ளும். கூட்டத்தின் பட்டியலை எழுதி வைத்திருப்பவர் ஒரு ஓய்வுபெற்ற லேப் அசிஸ்டென்ட். எல்லோருக்கும் அவர் பட்டியல்காரர். "உங்க அண்ணி கண்ணுல எக்ஸ்ரே மெஷினை வச்சுத் தச்சுட்டாங்கம்மா" என்று அவரே ஃபோனில் சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் ஐந்தாம் தலைமுறை. பதினாலு நாற்று நின்றபோது குண்டூசியை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு, "நாத்துல நூல் கட்டியிருக்கேன். பாத்துச் செய்" என்றாள் தையல்காரியிடம். அதற்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கியது. தையல்காரி வீட்டுக்கு வந்து பார்த்தாள். எட்டு நாற்றில் சிவப்பு நூல். சரி, இந்த எட்டும் தேறியது என்று எடுத்துக்கொண்டு, மற்ற ஆறையும் பிடுங்கி எறிந்தாள். பால்கனியில் ஆறு தொட்டிக்குத்தான் இடம். இருந்தும் பழைய வாளி இரண்டில் ஓட்டை போட்டு எட்டாக்கி, தையல் கடையையும் பார்த்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வளர்த்தாள்.

குண்டூசி கடைசியாக ஒன்பது நாள் வீட்டுக்கு வந்து இருந்தாள். பால்கனியில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்தார்கள். எட்டுச் செடியையும் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லா வளத்திருக்க" என்றாள்.

இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அது. தையல்காரி சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

குண்டூசி போன பிறகுதான் காய் பழுத்தது. எட்டுச் செடியிலும் வெளிறிய பழம், வெறும் தண்ணீர். கடைசியில் ஒரு தடவை அண்ணி தப்பாகப் போனாள்! இத்தனை வருஷம் வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? தையல்காரி பழங்களை யாருக்கும் காட்டாமல், சமையல் குப்பை மக்கும் உரவாளியில் கொட்டி மூடினாள்.

பட்டியல்காரர் வருத்தத்தோடுதான் சொன்னார். "தாய்ச்செடியோட விதை இன்னும் பதினெட்டு இருக்கும்னு அவங்க எழுதியிருக்காங்கம்மா. போட்டுப் பாருங்க. இந்தத் தடவையும் இப்படியே வந்தா அந்த வரிசையை நான் பட்டியல்ல இருந்து அடிச்சுடணும். இடம் இல்லாம எத்தனையோ பேர் காத்துட்டிருக்காங்க."

அடித்துவிட்டால் குண்டூசி இந்த உலகத்தில் ஏழு வருஷம் குனிந்து நிமிர்ந்ததற்கு அடையாளமே இருக்காது. தன்னைப் பார்த்து ஒரு தடவை நல்லா வளத்திருக்க என்று சொன்னவளுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி? தையல்காரி பதினெட்டையும் விதைத்தாள். பதினாறு முளைத்தது. பதினாறில் ஆறைப் பொறுக்க வேண்டும். அவளுக்கோ எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிந்தது.

நாற்று நாலு இலை விட்ட அன்று மத்தியானம் மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தாள். பூட்டைத் திறந்து, கை கழுவி, பால்கனிக்குப் போனாள். மூன்றாவது நாற்றின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

மருந்துக்கடையில் பொட்டலம் கட்டும் நூல். முடிச்சும் அதே பொட்டல முடிச்சு, ஒரே இழுப்பில் அவிழ்வது. குண்டூசி எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும் தையல்காரிக்கு வராத முடிச்சு. குண்டூசி நூலைக் கத்திரியால் வெட்டமாட்டாள், பல்லால் கடிப்பாள். "கத்திரி எதுக்கு இருக்கு அண்ணி" என்று இவள் அருவருப்போடு கேட்டதெல்லாம் உண்டு. தையல்காரி குனிந்து நூலின் நுனியைத் தொட்டாள். அது ஈரமாக இருந்தது.

"நீங்களா கட்டினீங்க?" என்று சாயங்காலம் புருஷனைக் கேட்டாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டை எல்லாம் ஓட வைப்பார். அவர் குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மூன்று மாதமாகப் படுத்துக் கிடக்கிறது.

"எனக்குத் தக்காளிக்கும் கத்தரிக்கும் காய் வந்தாத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார் மெக்கானிக். "நான் போய் நாத்துக்குத் தாலி கட்டினேனாக்கும்."

தையல்காரி அண்ணியின் அலமாரியைத் திறந்து பார்த்தாள். எட்டு மாதமாகச் சாவி இவள் கொத்தில்தான் இருந்தது. நூல்கண்டு இழுப்பறையில் தூசு படிந்து கிடந்தது. அதன் நுனியும் ஈரமாக இருந்தது. அலமாரியைச் சாத்திவிட்டு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் மத்தியானம் இன்னொரு நாற்றில் நூல். அதற்கு மறுநாள் இன்னொன்று. நாலாம் நாள் பயம் தேய்ந்து வேறு ஒன்று வந்தது. அண்ணி பொறுக்கித் தருகிறாள். போன தடவை தப்பாகிவிட்டதைச் சரிசெய்ய வந்திருக்கிறாள். அப்படி நினைத்ததிலிருந்து தையல்காரி வீட்டுக்கு வரும்போது கதவைத் திறக்குமுன் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திறக்க ஆரம்பித்தாள், உள்ளே இருப்பவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று.

ஆறு நாளில் ஆறு நூல். ஆறு தொட்டிக்கு ஆறு நாற்று, கணக்கு முடிந்தது என்று நினைத்தாள். ஏழாம் நாள் ஏழாவது நூல் வந்தது.

"ஆறு தொட்டிதானே அண்ணி இருக்கு" என்று பால்கனியில் நின்று வாய்விட்டே சொன்னாள். எதிர்வீட்டு ஜன்னலில் துணி காயப்போட்ட பெண் திரும்பிப் பார்த்தாள்.

எட்டு, ஒன்பது, பத்து. பத்தோடு நின்றது. மெக்கானிக் முணுமுணுத்துக்கொண்டே போன வருஷத்து வாளி இரண்டு போக, எண்ணெய் டின் இரண்டைக் கொண்டுவந்து அடியில் துளை போட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து அவருக்கு இரண்டு நாள் லீவு. பிரம்பு நாற்காலியில் குட்டித்தூக்கம் போட்டு எழுந்தவர் கையைத் தூக்கிக் காட்டினார். இடது மணிக்கட்டில் சிவப்பு நூல், அதே முடிச்சு.

"ஏய், இங்க பாரு. அக்கா என்னையும் பாஸ் பண்ணிட்டா. என்னை வச்சுக்கச் சொல்றா."

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது. பயத்தையும் மீறி வந்த சிரிப்பு. "வச்சுக்கறேன். வேற என்ன பண்றது, இருபது வருஷமா வச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்ப இது கையிலேயே இருக்கட்டும்" என்றார் அவர். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை.

சனிக்கிழமை காலையில் தையல்காரி நூல் கட்டாத ஆறு நாற்றையும் பிடுங்கினாள். அந்த ஆறும் நல்ல தடித்த தண்டு. கை ஒரு நிமிஷம் தயங்கத்தான் செய்தது. அண்ணி கண்ணுக்கு மேல் எனக்கென்ன கண் என்று சொல்லிக்கொண்டு, உரவாளியில் போட்டு ஈரச்சாக்கால் மூடினாள். பத்து நாற்றும் தட்டிலேயே இருந்தன, சாயங்காலம் தொட்டிக்கு மாற்றலாம் என்று. பிறகு புருஷனின் பிரஷர் மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனாள்.

முதலாளி மாத்திரையைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் கண் கீழ்த்தட்டுக்குப் போனது. மருந்து அட்டைப் பெட்டிகள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒவ்வொரு கட்டையும் சுற்றிச் சிவப்பு நூல், அதே முடிச்சு.

"இது என்னங்க?"

"அதுவா, தேதி முடிஞ்ச சரக்கு. உங்க அண்ணி பழக்கிவிட்டது. கழிக்க வேண்டியதுக்கு மட்டும் சிவப்பு நூல். நாங்கள்லாம் அட்டையைத் திருப்பித் தேதி பாப்போம். அவங்க தொட்டுப் பாத்தே கட்டிடுவாங்க. ஒரு தடவைகூடத் தப்பினது இல்லை."

தையல்காரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "கழிக்கறதுக்கா? வச்சுக்கறதுக்கு இல்லையா?"

"வச்சுக்கறதுக்கு எதுக்கும்மா நூல்? அது பாட்டுக்கு அலமாரியில இருக்கும். கட்டினதை மாசக் கடைசியில ஆள் வந்து எடுத்துட்டுப் போயிடுவார்."

முதலில் அவளுக்குப் பிரம்பு நாற்காலிதான் ஞாபகம் வந்தது. குண்டூசி எட்டுச் செடியையும் பார்த்த பார்வை. கழிக்கச் சொன்னதை எல்லாம் வளர்த்து, வளர்க்கச் சொன்னதை எல்லாம் கழித்து வைத்திருக்கிறாள் இந்த முட்டாள். ஏழு வருஷ உழைப்பு எதிரில் பாழாய் நிற்கிறது. சாகப்போகிறவள் அதைப் பார்த்துவிட்டு, இவள் முகத்தையும் பார்த்துவிட்டு, நல்லா வளத்திருக்க என்றாள். அண்ணி தப்பாகப் போகவில்லை. தெரிந்தே ஒரு பொய் சொன்னாள், அவ்வளவுதான்.

இரண்டாவதாக உரவாளி ஞாபகம் வந்தது. பதினாறில் பத்துப் போனால் ஆறு. ஆறு தொட்டிக்கு ஆறு நாற்று. அண்ணிக்கு எண்ணத் தெரியாதா என்ன?

மூன்றாவதாகத்தான் மணிக்கட்டு ஞாபகம் வந்தது.

"நூல் இல்லைன்னா?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "தேதி முடிஞ்சும் நூல் இல்லைன்னா?"

"நூல் இல்லைன்னா எடுக்க மாட்டார். அவர் எங்க தேதி பாக்கறாரு, நூலைத்தான் பாப்பார்." முதலாளி காலண்டரைப் பார்த்தார். "முப்பதாச்சே, இன்னிக்கு வரணும். என்னம்மா, மாத்திரை..."

அவள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, கழுத்துக் கயிற்றில் சின்னக் கத்திரி குதிக்க ஓடினாள். படியில் ஒருவர் அவளுக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தார். வெளுத்த சட்டை, கையில் காலி அட்டைப்பெட்டி. அவசரமே இல்லாமல் ஒவ்வொரு கதவு எண்ணாகப் பார்த்துக்கொண்டு ஏறினார். தையல்காரி அவரை இடித்துக்கொண்டு முன்னால் போனாள். வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள்.

மெக்கானிக் பிரம்பு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். அவள் முடிச்சை இழுத்தாள். ஒரே இழுப்பில் அவிழ வேண்டிய முடிச்சு அவிழவில்லை. கத்திரியை நுழைத்து வெட்டினாள். நூல் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள், வேறு எங்கே ஒளிப்பது என்று தெரியாமல்.

அழைப்புமணி அடித்தது.

கதவை ஒரு சாண் திறந்தாள். வெளுத்த சட்டைக்காரர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பார்த்தார். "எடுத்துட்டுப் போகச் சொல்லியிருக்காங்க" என்றார். சாதாரணக் குரல், கொஞ்சம் களைத்த குரல்.

தையல்காரி பால்கனிக்குப் போய், நூல் கட்டிய பத்து நாற்றையும் தட்டோடு தூக்கிவந்து நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாக எண்ணிப் பெட்டியில் வைத்தார்.

"பதினொண்ணுன்னு போட்டிருக்கேம்மா."

அவள் நூலை நாக்குக்கு அடியில் தள்ளினாள். "பத்துதான்."

அவர் அவள் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். பிரம்பு நாற்காலியின் கைப்பிடியில் மெக்கானிக்கின் இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் நூல் இருந்த தடம் மட்டும் இருந்தது. அந்த ஆள் ரொம்ப நேரம் பார்த்தார்.

"நூல் இல்லாம நான் எடுக்க முடியாது" என்றார் கடைசியில். காகிதத்தில் ஏதோ எழுதினார். "சரி, அடுத்த மாசம் பாக்கலாம்."

கதவைச் சாத்திவிட்டு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யாரு?" என்றார் மெக்கானிக், தூக்கக் கலக்கத்தில். "ஏய், என் நூல் எங்க?"

"அழுக்கா இருந்தது" என்றாள். எழுந்து உரவாளியிலிருந்து ஆறு நாற்றையும் எடுத்தாள். துவண்டுதான் கிடந்தன. தக்காளித் தண்டுக்கு மண் பட்டால் போதும், எங்கிருந்தும் வேர் விடும். இலை வரைக்கும் புதைத்து, தண்ணீர் விட்டு, நிழலில் வைத்தாள். நாலு நாளில் ஆறும் தலை நிமிர்ந்தன.

புருஷனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம், படம், எல்லாம் எடுத்தார்கள். "இவருக்கு ஒண்ணும் இல்லை, நீங்கதான் இளைச்சிருக்கீங்க" என்றார் டாக்டர். நூல்கண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாலத்திலிருந்து ஆற்றில் போட்டாள். அடுத்த மாதக் கடைசியிலும் மணிக்கட்டில் நூல் இருந்தது. வெட்டினாள். மணி அடித்தது. "ஒண்ணும் இல்லை" என்று சொன்னாள். வெளுத்த சட்டைக்காரர் எழுதிக்கொண்டு போனார். இப்போதெல்லாம் முப்பதாம் தேதி அவள் கடை திறப்பதில்லை.

அண்ணி ஏன் கட்டுகிறாள் என்று தையல்காரி யோசித்து ஓய்ந்துவிட்டாள். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள். கெடுதல் நினைக்கத் தெரியாது அவளுக்கு. தேதி தெரியும், அவ்வளவுதான்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது, தக்காளி. போன வருஷம் பிடுங்கி எறிந்த ஆறும் எப்படிக் காய்த்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இந்த ஆறில் ஒன்று, ஒரே ஒன்று, வெளிறிப்போய்த் தண்ணீராக வந்தால் போதும். அண்ணி கண்ணும் தப்பும் என்று ஆகிவிடும். பட்டியலாவது ஒன்றாவது, அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். தினமும் காலையில் ஆறு செடிக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒன்றாவது கெட்டுப்போ என்று கெஞ்சினாள்.

பழுத்தபோது பட்டியல்காரர் நேரிலேயே வந்தார். ஆறு செடியிலிருந்தும் ஒவ்வொரு பழம், ஆறு தட்டில். எல்லாம் கருஞ்சிவப்பு. ஒவ்வொன்றாக அறுத்துச் சாப்பிட்டார். நாலாவதில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஆறுக்கு ஆறு" என்றார். "முப்பது வருஷத்துல நான் பாத்ததில்லைம்மா. வரிசை நிக்கும். இதை யாரும் அடிக்க முடியாது."

மெக்கானிக் ஆறாவது தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. "நான்தான் சொன்னேனே. எங்க அக்கா கண்ணு தப்பவே தப்பாது."

தையல்காரியின் வாயிலும் ஒரு துண்டு இருந்தது. இனிப்பும் உப்பும் புளிப்பும் சரியான இடத்தில் நின்ற பழம். அவள் வாழ்நாளில் இப்படி ஒன்றைத் தின்றதில்லை. விழுங்க முடியாமல் எழுந்து பால்கனிக்குப் போனாள். பிரம்பு நாற்காலி காலியாக இருந்தது.

"அண்ணி" என்றாள் அதைப் பார்த்து. "ஒரே ஒரு தடவை தப்பாப் போங்களேன்."

அன்று தேதி இருபத்தொன்பது. உள்ளே வந்து கத்திரியைச் சாணை பிடிக்க எடுத்து வைத்தாள்.